பினாங்கு – லண்டன்: 10,283 கிலோமீட்டரும் அம்மா உட்காரப்போகும் நேரமும்

பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எழுபத்தெட்டு வயதான அம்மாவை லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். இணையத்தில் தேடியபோது பினாங்குக்கும் லண்டனுக்கும் இடையே 10,283 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 11 மணி 55 நிமிடம் என்று ஒரு பக்கம் சொன்னதாம். கையில் இருக்கும் டிக்கெட்டோ மாலை 7.30க்குப் பினாங்கில் கிளம்பி, கோலாலம்பூரில் விமானம் மாறி, மறுநாள் காலை 5.30க்கு ஹீத்ரோவில் இறங்குவதாகக் காட்டுகிறது. இரண்டு ஊர் நேர வித்தியாசத்தையும் சேர்த்தால் 18 மணி நேரம். "மிச்சம் ஆறு மணி நேரம் எங்கே போயிற்று? அம்மாவுக்கு முழங்கால் வலி. உண்மையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்?" என்பது அவர் கேள்வி.

சுபாங்கிலும், 1998இல் கோலாலம்பூர் விமான நிலையம் இடம் மாறிய பிறகு சிப்பாங்கிலுமாக, விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இருக்கையில் உட்காரும் நேரம் சுமார் 15 மணி. பட்டர்வொர்த் வீட்டு வாசலிலிருந்து லண்டன் வீட்டு வாசல்வரை கணக்கிட்டால் சுமார் 23 மணி. அந்த 11 மணி 55 நிமிடம், யாருமே ஓட்டாத ஒரு விமானத்தின் நேரம்.

அது எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வடக்கு 5.3 டிகிரி, கிழக்கு 100.3 டிகிரி. ஹீத்ரோ வடக்கு 51.5 டிகிரி, கிரீனிச்சுக்கு அரை டிகிரி மேற்கே. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டு, நடு மையத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே எத்தனை டிகிரி விலகல் என்று கணக்குப் போடுகிறார்கள். சுமார் 92 டிகிரியும் இன்னொரு அரையும் வரும். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெருக்கினால் 10,283. பிறகு அதை 900ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிடுவார்கள். நீங்களே கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 11 மணி 55 நிமிடம் சரியாக வரும். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தின் வித்தை.

கணக்கில் பிழை இல்லை. பூமி முழு உருண்டை இல்லை என்பதால் (நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357) அரை சதவீதம் வரை முன்பின் ஆகலாம். இந்தத் தூரத்துக்கு அது ஐம்பது கிலோமீட்டர். ஆகவே 10,283இல் உள்ள கடைசி 3ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பினாங்கிலிருந்து லண்டனுக்கு நேரே போகும் விமானத்தில் உங்களுக்கு டிக்கெட் இல்லை. நீங்கள் தெற்கே 325 கிலோமீட்டர் சிப்பாங்குக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடியும் வடமேற்கே திரும்புகிறீர்கள். சிப்பாங்கிலிருந்து ஹீத்ரோ 10,600 கிலோமீட்டர். லண்டனுக்குப் பினாங்கு கோலாலம்பூரைவிட 320 கிலோமீட்டர் கிட்டே இருக்கிறது, ஆனாலும் அங்கே போய்த்தான் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். மொத்தம் 10,925 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இன்னும் விமானம் கிளம்பவில்லை.

இப்போது அந்த 325 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். நீண்ட பயணத்தில் ஒளிந்துகொள்வதெல்லாம் குட்டிப் பயணத்தில் வெட்ட வெளிச்சமாகத் தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 325 கிலோமீட்டர் போக 22 நிமிடம் போதும். டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் போட்டிருக்கிறது. காற்றிலே இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் தரையில்.

டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் விமானம் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மஞ்சள் கட்டை வைத்திருப்பார்கள். மழையில் நனைந்த ஒருவர் குனிந்து, கயிற்றைப் பிடித்து அந்தக் கட்டையை உருவி எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அதுதான் புறப்பாட்டு நேரம். போய்ச் சேரும் ஊரில் இன்னொருவர் அதே மாதிரிக் கட்டையைத் திணிப்பது வந்துசேரும் நேரம். இடைப்பட்டதை எங்கள் மேசையில் பிளாக் டைம் என்போம். இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவது, என்ஜின் முடுக்குவது, ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் நான்கு விமானங்கள் எழும்பும்வரை காத்திருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். எழும்பிய பிறகும் பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பினாங்கு விமானம் உச்ச வேகத்தைப் பிடித்து, பணிப்பெண் ஒரு தண்ணீர்ப் பெட்டியை நீட்டி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே அதன் வேகம் 900 என்று வைத்துக் கணக்குப் போடுவதில் பொருளே இல்லை. கட்டைக்குக் கட்டை கணக்கிட்டால் மணிக்கு 280 கிலோமீட்டர்தான் வருகிறது.

லண்டன் பயணத்திலும் இந்த அரை மணி, முக்கால் மணி தரைச் செலவு உண்டு. ஆனால் பதினான்கு மணி நேரத்தில் அது கரைந்துபோகும். அங்கே நேரத்தைத் தின்பவை இரண்டு: வழி, காற்று.

வழியைப் புரிந்துகொள்ள வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் எடுங்கள். பூ தொடுக்கும் நூல் ஒரு துண்டு போதும். ஒரு முனையைக் கோலாலம்பூரில் விரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையை லண்டனில் வைத்து இறுக்கி இழுங்கள். தட்டையான படத்தில் அரபிக் கடல் பக்கமாகப் போகும் என்று தோன்றிய கோடு, உருண்டையில் நகர்ந்து வடக்கே ஏறிவிடும். கால் பங்குத் தூரத்தில் நூல் ஒடிசா மேலே கிடக்கும். டில்லிக்குச் சற்று வடக்கே போய், பாகிஸ்தானின் வட மூலையையும் ஆப்கானிஸ்தானையும் தாண்டி, சரிபாதித் தூரத்தில் உஸ்பெகிஸ்தானின் தென்கோடியில் நிற்கும். முக்கால் பங்குக்கு வந்தால் உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பக்கம்.

இந்தப் பெயர்களைச் சேர்த்து வாசித்தாலே போதும். இணையப் பக்கம் சொல்லும் 10,600 கிலோமீட்டரை இன்று எந்த விமானமும் அந்தக் கோட்டின்மேல் பறக்க முடியாது. 2014 ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. எங்கள் மேசையில் இருந்தவர்களால் மறக்கவே முடியாது. வரைபடத்தில் ஒரு கோடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் கீழே என்ன நடக்கிறது என்று கேட்காமல் அதற்குப் பிறகு யாரும் பேனாவை வைப்பதில்லை. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. 2019இல் பாகிஸ்தான் தன் வானத்தைப் பிப்ரவரி இறுதியில் மூடி ஜூலை மத்தியில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த மாதங்களில் ஐரோப்பா போகிறவர்கள் பாடு தெற்கே சுற்றிப் போகும் பாடுதான். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போனது. வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டால் ஒரே இரவில் பல நாடுகளின் வானம் மூடிக்கொள்ளும்.

ஆகவே அந்தந்த நாள் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியே போகிறார்கள். இதில் ஓர் ஆறுதலும் உண்டு. வளைந்து போவதால் கூடும் தூரம் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. கோலாலம்பூரிலிருந்து அஜர்பைஜானின் பாக்கு, அங்கிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து லண்டன் என்று மூன்று துண்டாக அளந்தால் 10,930 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நேர் கோட்டைவிட 330 கிலோமீட்டர்தான் கூடுதல், 22 நிமிடம். இன்னும் தெற்கே மஸ்கட் வழியாகச் சுற்றி இஸ்தான்புல் போனாலும் 11,100க்குள் முடிந்துவிடும். உருண்டையின் குணம் அது. நடு வழியில் சிறிது விலகினால் தண்டனை குறைவு. திட்டம் போடுகிறவனுக்கு இது பெரிய வசதி. காரணத்தை இனிச் சொல்லப்போகிறேன்.

காரணம் காற்று. ஏ350 போன்ற விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே குளிர் சுமார் மைனஸ் 55 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான் போகும். ஆக விமானத்தின் வேகம் 900. ஆனால் அது சுற்றியிருக்கும் காற்றை வைத்துச் சொல்லும் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஆற்றில் படகு விடுவதுதான். மணிக்கு நூறு கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் தரையைப் பொறுத்து நீங்கள் போவது 800.

நாங்கள் விமானிகளுக்குக் கொடுக்கும் திட்டத் தாளில் ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு காற்றுக் குறிப்பு இருக்கும். 270/95 என்றால் மேற்கிலிருந்து 95 நாட் வேகத்தில் வீசுகிறது என்று பொருள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். தாளின் தலைப்பில் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி ஒன்று போட்டிருப்போம். எதிர்காற்று என்றால் எம் என்ற எழுத்து, பின்காற்று என்றால் பி. லண்டன் தாளை வாங்கும் விமானியின் கண் முதலில் போவது அந்த எழுத்துக்குத்தான். 'எம் 28' என்று இருந்தால் வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 52 கிலோமீட்டர் இழப்பு. 900இலிருந்து 52ஐக் கழியுங்கள், 848. 10,930ஐ அதனால் வகுத்தால் 12 மணி 53 நிமிடம். ஏறி இறங்கும் மெதுவுக்கு ஒரு கால் மணி, இரண்டு ஊர்த் தரைக்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி. டிக்கெட்டில் உள்ள 14 மணி நேரத்துக்கு இப்போது ஏறக்குறைய வந்துவிட்டோமா? மிச்சத்தை நிறுவனங்கள் வேண்டுமென்றே சேர்த்து வைக்கும். தாமதம் என்ற பெயர் வாங்கக் கூடாது அல்லவா.

திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதனால்தான் லண்டனிலிருந்து வரும் பயணம் பெரும்பாலும் ஒரு மணி நேரம்போலக் குறைவாக இருக்கும். ஒரே தூரம், இரண்டு நேரம்.

மாதமும் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் தலைக்கு மேல் மேற்குக் காற்று நதிபோல ஓடும். நூறு நாட்டைச் சாதாரணமாகத் தாண்டும். நூல் எங்கே கிடந்தது? டில்லிக்குச் சற்று வடக்கே, அந்த நதியின் நடுவில். சில இரவுகளில் நேர் வழி திறந்திருந்தாலும் நான் அதை விட்டுவிட்டுத் தெற்கே இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வழி போட்டிருக்கிறேன். தூரம் கூடியது, நேரம் குறைந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் "ஐயா, கோணலாகப் போட்டிருக்கிறீர்கள்" என்பார்கள். காற்றுப் படத்தை மேலே வைத்துக் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். ஏ350 மணிக்கு ஆறு டன்னை ஒட்டி எண்ணெய் குடிக்கும். பத்து நிமிடம் மிச்சப்பட்டால் ஒரு டன். கோடு அழகாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

இதைப் படித்துவிட்டு மேற்கே போனால் எப்போதும் மெதுவு, கிழக்கே வந்தால் வேகம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். நம்மவர்கள் அதிகம் போகும் சென்னை, திருச்சி வழியில் அது பொய்த்துவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர்வரை, தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் என்று பாடநூல்கள் சொல்லும். இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குக் காட்டினார். கீழே கேரளத்தில் மழைக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில், பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் எதிர்த்திசையில் ஓட்டம். பயணிகள் விமானம் பறக்கும் பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் அதன் வேகம் நன்றாகவே தெரியும். ஆகவே ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகிறவருக்குப் பின்காற்று, திரும்பி வருகிறவருக்கு எதிர்காற்று. 2,630 கிலோமீட்டர்ப் பயணம் என்பதால் வித்தியாசம் கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். பினாங்கிலிருந்து சென்னை 2,370 கிலோமீட்டர்தான். 2024 டிசம்பரில் இந்த இரண்டு ஊர்களுக்கும் நேரடி விமானம் தொடங்கியபோது பினாங்குக்காரர்கள் கோலாலம்பூருக்கு இறங்கி ஏறும் வேலை ஒழிந்தது. என் பாட்டி காலத்தில் பினாங்குத் துறையில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போவார்கள். அதற்கு நேரம் கேட்டால் மணியில் சொல்ல மாட்டார்கள், நாளில் சொல்வார்கள்.

வேகமான விமானம் வந்தால் இதெல்லாம் தீருமே என்று கேட்கலாம். வந்தது. ஒலியை இரண்டு மடங்கு மிஞ்சிய கான்கார்ட் 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடத் தொடங்கியது. மூன்று முறை போய்வந்ததும் நின்றது. மலாக்கா நீரிணைக்கு மேலே அந்த அதிர்வெடிச் சத்தத்தோடு பறக்கக் கூடாது என்று மலேசியா சொல்லிவிட்டது. பிறகு வழி மாற்றி 1979இல் மறுபடி ஓடி, அடுத்த ஆண்டே நின்றுபோனது. எவ்வளவு வேகமான வண்டியானாலும் வழிவிட ஆள் வேண்டும்.

தூரம் என்ற சொல் எவ்வளவு நெகிழும் என்பதற்கு என் மனத்துக்குப் பிடித்த சான்று நம் சுபாங்கிலேயே நடந்தது. 1997 ஏப்ரல் 2ஆம் தேதி சியாட்டிலில் இருந்து ஒரு புத்தம் புதிய போயிங் 777 வந்து இறங்கியது. மலேசியா ஏர்லைன்ஸ் வாங்கிய விமானம், சூப்பர் ரேஞ்சர் என்று பெயர். சியாட்டிலுக்கும் கோலாலம்பூருக்கும் நூல் பிடித்து அளந்தால் பசிபிக் பக்கமாக 13,000 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அவர்களோ வேண்டுமென்றே எதிர்த் திசையில், கிழக்கே கிளம்பி, அமெரிக்கா, அட்லாண்டிக், ஐரோப்பா என்று உலகத்தின் மறுபக்கத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 20,044 கிலோமீட்டர். வழியில் எங்கும் இறங்காமல் 21 மணி 23 நிமிடம். அந்நாளில் அது உலக சாதனை. சும்மா வீம்புக்குக் கிழக்கே வரவில்லை. மேற்குக் காற்று பின்னால் இருந்து தள்ளும் திசை அது. பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமே 20,000 கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். நமக்கு நேர் எதிரே, உருண்டையின் மறுபக்கத்தில் இருப்பது தென்னமெரிக்காவின் எக்குவடோர். அங்கே குவெங்கா என்ற ஊர்க்காரர் நமக்குக் காலடியில் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறார். அவரிடம் போக எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏறக்குறைய ஒரே தூரம்.

சரி, அம்மாவிடம் வருவோம். அதற்கு முன் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை ஏழு. நீங்கள் போவது குளிர்காலம். இரவு 11.30க்குச் சிப்பாங்கில் கிளம்பி 5.30க்கு ஹீத்ரோ. பார்வைக்கு ஆறு மணி, எட்டைக் கூட்டினால் 14. இதை மறந்துவிட்டுத்தான் பலர் "ஆறு மணி நேரத்தில் லண்டன்" என்று உறவினர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். நம் தீபகற்பம் 1981வரை கிரீனிச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது, 1982 பிறந்தபோதுதான் எட்டுக்கு மாறினோம். சூரியனைக் கேட்டால் ஏழுகூட இல்லை என்பான். பினாங்கில் காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருக்கும் மர்மம் இதுதான்.

அம்மாவின் நாளை இப்படி எழுதிப் பாருங்கள். மாலை நாலே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பாலத்தைத் தாண்டிப் பாயான் லெப்பாஸ் போய்ச் சேரவும், சுமையைப் போட்டு உட்காரவும் இரண்டே முக்கால் மணி. 7.30 முதல் 8.40வரை முதல் விமானம். பிறகு சிப்பாங்கில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். அதன்பின் 14 மணி நேரம். ஹீத்ரோவில் குடிநுழைவு, பெட்டி, நடை என்று ஒன்றே கால் மணி. தங்கை வீட்டுக்கு ஒரு மணி. கூட்டினால் 23. தூரக் கணக்குப் பக்கம் உங்களுக்குச் சொன்னது இதில் பாதிக்குச் சற்று மேல்தான்.

சிப்பாங்கில் கிடைக்கும் அந்த இரண்டே முக்கால் மணியை வீண் என்று நினைக்காதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கு அது வரம். ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உள்ளூர் வாசலில் இறங்கி, கடப்பிதழ்ச் சோதனை கடந்து, ஏரோடிரெயின் ஏறி மறுகட்டடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த ரயில் 2023 மார்ச்சில் நின்று 2025 ஜூலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நின்றிருந்த காலத்தில் பேருந்தில் ஏற்றி இறக்கினார்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். "எனக்கு என்ன கேடு, நான் நடப்பேன்" என்று அம்மா சொல்வார். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். பதிவு செய்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பட்டர்வொர்த்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் 28 நிமிடம். மொத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அம்மா எழுந்து நடக்கலாம். ஆனாலும் நான் விமானத்துக்குத்தான் வாக்களிப்பேன். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி பினாங்கில் போட்டது லண்டனில் வரும். பினாங்கு விமானம் தாமதமாகி லண்டன் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ரயில் தாமதத்துக்கு எந்த விமான நிறுவனமும் பதில் சொல்லாது. இதே காரணத்துக்காக இரண்டு பயணத்தையும் தனித்தனியே மலிவாக வாங்காதீர்கள். சிங்கப்பூர் வழியும் பாருங்கள். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் 600 கிலோமீட்டர், அங்கிருந்து லண்டன் ஏறக்குறைய 10,900. கிலோமீட்டரில் ஐந்நூறுக்கு மேல் கூடுதல். இடைவெளி சரியாக அமைந்தால் மொத்த நேரம் குறைவாகவும் வரலாம். கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறவர் இதைத் தவறவிடுவார்.

அந்தப் 14 மணி நேரத்தில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பின்பக்கச் சமையலறைவரை நடத்திக் கூட்டிவாருங்கள். அம்மா மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், மலேசிய நேரப்படி எப்போது கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தங்கையிடம் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்காற்று குறைந்து விமானம் ஐந்து மணிக்கே லண்டன் வானத்துக்கு வந்துவிட்டாலும் உடனே இறங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். ஹீத்ரோவில் இரவில் இறங்க அளவுக் கட்டுப்பாடு உண்டு. விடிகாலையில் கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பாவிங்டன், லம்போர்ன், பிக்கின், ஆக்கம் என்று நான்கு காத்திருப்புச் சுற்றுகள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக இட்லித் தட்டு அடுக்கியதுபோல விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், அடித்தட்டு இறங்க இறங்க மேல்தட்டு ஒரு படி கீழே வரும். அம்மா ஜன்னலில் ஒரே விளக்கு வரிசையை இரண்டு முறை பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. தங்கையை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். அங்கே காரை நிறுத்தக் கட்டணம் அதிகம்.